உப்புக்காற்றில் ஓர் இழைப்பு மெஷின்

மரப்பட்டறை வைத்துப் பிழைக்கிறவன் மரத்தோடு படுகிற பாட்டைவிட இரும்போடு படுகிற பாடுதான் பெரும்பாடு. கரையான் அரிக்கும், வெயிலில் பலகை முறுக்கிக்கொள்ளும், எல்லாம் உண்மைதான். ஆனால் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஷெட் போட்டு, அதற்குள் ஒரு மெஷினை நிறுத்தி வைத்துப் பார்த்தவனுக்குத்தான் துரு என்றால் என்னவென்று தெரியும். கிரில் பட்டறைக்காரர்களே, சைக்கிள் கடைக்காரர்களே, வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா தங்கைகளே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீங்களும் பட்டவர்கள்தான். கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார்ந்து புலம்பலாம், வாருங்கள்.

காரைக்காலில் கடற்கரைக்குப் போகிற ரோட்டில் எழுபதுகளின் நடுவில் ஹமீதும் நானும் கூட்டாக ஒரு பட்டறை போட்டோம். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். ஒரே மேஸ்திரியிடம் உளி பிடித்தவர்கள். அவன் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். யாருக்கு யார் மச்சான் என்று யாரும் கேட்டதில்லை.

இழைப்பு மெஷினைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளமான வார்ப்பிரும்பு மேடை, நடுவில் கத்தி சுழலும். பலகையை இந்தப் பக்கம் நின்று ஒருவன் தள்ள வேண்டும், அந்தப் பக்கம் நின்று ஒருவன் வாங்க வேண்டும். தள்ளுகிறவன் நான், வாங்குகிறவன் ஹமீது. அந்த மேடையைத்தான் பெட்டு என்போம். மெஷினில் மற்ற இடத்துக்கெல்லாம் பெயிண்ட் அடித்துவிடலாம். பெட்டுக்கு அடிக்க முடியாது. பலகை அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதில் துரு ஏறினால் பலகை இழுக்கும், மரத்தில் கறை படியும், வேலை கெட்டது.

பளபளன்னு துடைச்சோம்

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் மெஷின் வந்து இறங்கியது. பெட்டு முழுக்க மஞ்சளும் கறுப்புமாகக் கெட்டிக் கிரீஸ் அப்பியிருந்தது. புது மெஷினை இப்படி அழுக்காகவா அனுப்புவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கோபம். மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய வேட்டியைக் கிழித்து, சொட்டுக் கிரீஸ் இல்லாமல் வழித்து எடுத்தோம். அப்புறம் பாருங்கள், கண்ணாடி தோற்றுப்போகும்! ஹமீது அதில் குனிந்து பார்த்துத் தலை சீவிக்கொண்டான். மெஷினை ஓட்டிவிட மறுநாள் கோயம்புத்தூர் பிட்டர் வருகிறார், வந்து பார்த்து அசரட்டும் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

காலையில் கதவைத் திறந்தால் பெட்டு முழுக்க டீக்கறை மாதிரி நிறம். ஹமீது விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்துப் பிட்டர் வந்து நின்றார். பெட்டைப் பார்த்தார், மூலையில் கிடந்த கிரீஸ் துணியைப் பார்த்தார். பையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஏனுங்க, துருப் புடிக்கக் கூடாதுன்னு நாங்க பூசி அனுப்புனத, அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுப் போட்டீங்களாக்கும்?"

நல்லெண்ணெய் வைத்தியம்

அதற்கப்புறம் எண்ணெய் பூசுவது என்று முடிவாயிற்று. எந்த எண்ணெய் என்பதில்தான் சண்டை. ஹமீதின் உம்மா தேங்காய் எண்ணெய் என்றார்கள். என் வீட்டில் விளக்கெண்ணெய் என்றார்கள். கடைசியில் நல்லெண்ணெய் ஜெயித்தது. ஏனென்றால் அப்போது திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜுக்குக் கட்டில்கள் செய்துகொண்டிருந்தோம். அது சனிக்கிழமைக் கூட்டம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். வருகிறவர்கள் பாதி பாட்டிலை ரூமிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். லாட்ஜ்காரர் அதையெல்லாம் ஒரு டின்னில் சேர்த்து எங்களுக்குக் கொடுத்துவிட்டார். சும்மா கிடைத்தது, நாங்களும் தாராளமாகத் தேய்த்தோம்.

துரு நின்றது, வாஸ்தவம். ஆனால் பெட்டில் இருந்த எண்ணெயையெல்லாம் கட்டில் சட்டம் குடித்துவிட்டது. பாலிஷ்காரர் வந்து தேய்க்கிறார், தேய்க்கிறார், பாலிஷ் ஒட்டவே மாட்டேன் என்கிறது. திட்டுத் திட்டாகக் கறை. "எண்ணெய்ச் சட்டியில முக்கி எடுத்தீங்களா?" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். சரி, கட்டில் திரும்பி வரப்போகிறது, மானம் போகப்போகிறது என்று நானும் ஹமீதும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். லாட்ஜ்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. "இது எதுக்குங்க கவலை? என் லாட்ஜுல எண்ணெய்க் கறை இல்லாத கட்டிலு எங்க இருக்கு? புதுசுலயே கறை இருந்துட்டா, வர்றவங்களோட நான் சண்டை போடுற வேலை மிச்சம்!"

ஹமீது கிளம்பினான்

பட்டறை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஹமீதுக்கு இரண்டு தங்கைகள். அவன் வாப்பா உயிரோடு இல்லை. கல்யாண வயதில் தங்கைகளை வைத்துக்கொண்டு, பட்டறை வருமானத்தை இரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டால் என்ன மிஞ்சும்? சவூதியில் கட்டட வேலைக்குத் தச்சு ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் சொந்தக்காரர் ஒருவர் விசாவோடு வந்தார். உம்மா அழுதுகொண்டே சரி என்றார்கள். ஹமீதும் சரி என்றான். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஆனால் ஒரு பயம் மட்டும் எனக்கு இருந்தது. வெளிநாடு போன எங்கள் ஊர் ஆட்கள் திரும்பி வந்து பழைய தொழிலைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இவனும் அப்படித்தான் ஆவானா? நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். கிளம்புகிற அன்று வெள்ளைச் சட்டையோடு பட்டறைக்கு வந்தான். அவன் நிற்கிற பக்கத்தில் போய் நின்றான். மோட்டார் ஓடவில்லை, பலகையும் இல்லை, சும்மாதான் நின்றான். "ரெண்டு வருசம்தான்டா. வந்து இதே எடத்துல நின்னு பலகை வாங்குறேன். மெஷின வித்துடாத, பெட்டத் துருவேற விட்டுடாத, வேற ஒண்ணும் கேக்கல நான் ஒன்ன."

சுறா எண்ணெய்

வாங்குகிற பக்கத்துக்குத் தங்கராசு என்று விழிதியூர் ஆளைப் போட்டேன். நல்ல மனுஷன், என்னைவிட மூத்தவர், ஆனாலும் முதலாளி என்பதால் என்னை அண்ணே என்பார். அவரிடம் ஒரே குறை, யார் எந்த யோசனை சொன்னாலும் நம்பிவிடுவார். கருக்களாச்சேரியிலிருந்து துடுப்புக்குப் பலகை இழைக்க வந்த ஒரு மீனவர், "படகுக்குச் சுறா எண்ணெய்தாங்க பூசுவோம். கடல்லயே கெடக்குது, ஒண்ணும் ஆவறதில்ல. ஒங்க இரும்பு கரையிலதான கெடக்கு?" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒரு டின் கொண்டுவந்தும் கொடுத்தார். நான் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் தங்கராசு பெட்டு முழுக்கப் பூசி முடித்துவிட்டார்.

துரு மட்டுமா ஓடிப்போயிற்று, வாடிக்கைக்காரர்களும் ஓடினார்கள்! அந்த ரோட்டில் இருக்கிற பூனை எல்லாம் மெஷினடியில் குடித்தனம் வந்துவிட்டது. சோடா போட்டுத் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, வாடை போய்விட்டது என்று நம்பி, ஒரு வாத்தியார் வீட்டுப் பூஜை மாடத்துக்குப் பலகை இழைத்துக் கொடுத்தேன். சுத்த சைவம் அவர்கள். எனக்குத்தான் வாடை பழகிப்போய் மூக்கு செத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மறுவாரம் வாத்தியார் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று பம்மிக்கொண்டே நின்றேன். நாமத்துக்குக் கீழே அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னப்பா கலியபெருமாள், எங்க வீட்டுப் பெருமாள் மச்சாவதாரத்துலயே வந்து உக்காந்துட்டாரு போலருக்கே!"

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்கி வருவது எப்போதும் ஹமீதுதான். அவன் இல்லாத முதல் வருஷம் எனக்கு மனசே இல்லை. பூஜையைத் தங்கராசிடம் விட்டுவிட்டேன். மனுஷன் பக்தியில் உருகிவிட்டார். வழக்கமாகச் சந்தனத்தை மோட்டார் மேல் வைப்போம், மெஷின் காலில் வைப்போம். அவர் பெட்டின் மேலேயே மூன்று விரலால் பெரிய பட்டையாக இழுத்து, எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி, அதன்மேல் நன்றாகப் பிழிந்தும் வைத்துவிட்டார். பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. துணியை எடுத்தேன். "அண்ணே, பூசைக்கு வச்ச ஆயுதத்த நாளைக்கு மறுபூசை முடியாமத் தொடக் கூடாதுண்ணே!" என்று குறுக்கே வந்து நின்றுகொண்டார். சாமி காரியம், என்ன பேச? மறுநாள் துடைத்தால் சந்தனம் போயிற்று, பட்டை போகவில்லை. பழச்சாறு இரும்பைத் தின்று மூன்று கோடு அப்படியே பதிந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் நிழல் மாதிரித் தெரிந்தது. வருகிறவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அப்போதெல்லாம் ஹமீது காகிதத்தில் எழுத மாட்டான், கேசட்டில் பேசி அனுப்புவான். உம்மா வீட்டில் டேப்பைச் சுற்றி எல்லோரும் உட்காருவோம். உம்மாவுக்கு, தங்கைகளுக்கு என்று பேசிவிட்டுக் கடைசியில் எனக்கு. மெஷின் ஓடுகிற சத்தத்தைப் பிடித்து அனுப்பு என்று ஒருமுறை கேட்டான். அங்கே சிமெண்டுக்குப் பலகை அடிக்கிறதோடு சரி, மரவாசமே கிடையாதாம். நானும் தேக்குப் பலகை ஒன்றை ஓடவிட்டுப் பதிவு செய்து, பின்னாலேயே இந்தப் பூஜைக் கதையையும் சொல்லி அனுப்பினேன். பதில் கேசட்டில் முதலில் அவன் சிரிக்கிற சத்தம்தான் வந்தது. அப்புறம், உம்மாவும் கேட்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல் கத்தினான்: "அடப்பாவி மச்சான், எலுமிச்சம்பழத்த ஒன் தலையிலல்ல தேச்சிருக்கணும், பெட்டுல ஏண்டா தேச்ச?"

சொல்தா வைத்த வட்டம்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வருவார். வேலை ஒன்றும் இருக்காது, பேச்சுத்தான். ஒரு நாள் ஐஸில் வைத்த பீர் பாட்டிலைக் கொண்டுவந்து பெட்டின் மேல் வைத்துவிட்டுக் கதை பேசினார். பாட்டில் வேர்த்து ஒழுகி, மறுநாள் பெட்டில் ரூபாய்க்காசு போல வட்டமாகத் துரு. எனக்கு வந்ததே கோபம்! "முசியே, இனிமே ஒங்க பாட்டிலோட இந்தப் பக்கம் வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவரும் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் பாவமாகத்தான் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. மெழுகுவத்தியைப் பெட்டின் ஓரத்தில் ஒட்டவைத்து அளவு போட்டுக்கொண்டிருந்தேன். உருகி வழிந்த மெழுகைச் சுரண்ட மறந்து போய்விட்டேன். நாலைந்து நாள் அடைமழை, பட்டறை திறக்கவில்லை. வந்து பார்த்தால் பெட்டெல்லாம் பழுப்பு, மெழுகு சொட்டியிருந்த இடம் மட்டும் அதைச் சுரண்டியதும் பளிச்சென்று இருக்கிறது! அட, இவ்வளவுதானா விஷயம்? மெழுகை மண்ணெண்ணெயில் கரைத்துப் பூசி, காய்ந்ததும் துணியால் தேய்த்துப் பார்த்தேன். கறை இல்லை, வாடை இல்லை, பலகையும் வெண்ணெயில் போவது போல ஓடுகிறது. ஆனால் அத்தனை மெழுகுக்கு எங்கே போவது? இந்தச் சேதி எப்படியோ சொல்தா காதுக்குப் போய்விட்டது. ஒரு பை நிறைய எரிந்து மிச்சமான மெழுகுவத்தித் துண்டுகளோடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றதும்தான் வந்தார். "கோயில்ல மாதா முன்னாடி எரிஞ்சது தம்பி. பாட்டில் வச்ச எடத்துல மொதல்ல தேயி, என் பாவம் போகட்டும்."

புயல்

இரண்டு வருஷம் என்றவனுக்கு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். பெரிய தங்கைக்குக் கல்யாணம் முடிந்தது, சின்னவளுக்கு இன்னும் ஆகவில்லை. அந்தச் சமயத்தில்தான் அந்தப் புயல். கடலோரத்துக்காரர்களுக்கு எந்தப் புயல் என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லோர் வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கும். மத்தியானமே வானம் கறுத்து, தென்னை மரமெல்லாம் பேய் பிடித்தது போல ஆட ஆரம்பித்துவிட்டது. நான் வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்தேன். என் வீட்டுக்காரி கத்தக் கத்தக் காதில் வாங்கவில்லை. பட்டறைக்குப் போய்ப் பெட்டு முழுக்க விரல் பருமனுக்கு மெழுகை அப்பி, ரெக்ஸின் போட்டு மூடி, கயிற்றால் வரிந்து கட்டி, மேலே இரண்டு கதவுப் பலகையை வைத்து அமுக்கிவிட்டு, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த ஆட்டத்தில் ஷெட்டுக் கூரை பறந்து அடுத்த தெருவில் போய் விழுந்தது. மெஷின் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றது. மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. பெட்டுக்கு மட்டும் ஒரு பொட்டுத் துரு இல்லை. நான் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தேன். ஆனால் என் வீட்டுக்காரி வாரக்கணக்கில் என்னோடு பேசவில்லை. அன்று நான் உயிரோடு திரும்புவேன் என்று அவள் நினைக்கவில்லையாம். ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நாளைக்கு ஹமீது அண்ணன் வந்து நின்னா, மெஷினு நல்லாருக்குங்க, ஒங்க கூட்டாளியத்தான் காணும்னு நான் சொல்றதா?"

லீவில் வந்த மாப்பிள்ளை

இடையில் ஹமீதும் லீவில் வந்தான். சின்னத் தங்கைக்கும் நிக்காஹ் முடிந்து, அவனுக்கும் நல்ல இடத்தில் பெண் பார்த்து முடித்தார்கள். மாமனார் துணி வியாபாரம் செய்கிற பெரிய குடும்பம். லீவில் வந்தால் செண்ட் மணக்க, கையில் தங்க வாட்ச் மினுங்கப் பட்டறைக்கு வருவான். நாற்காலியில் உட்காருவான். என்னோடு டீ குடிப்பான், பேசுவான், சிரிப்பான். மெஷின் பக்கம் போக மாட்டான். நான் பார்த்துப் பார்த்துப் பளபளவென்று வைத்திருக்கிற பெட்டை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. சட்டை அழுக்காகிவிடும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று எனக்குள் கறுவிக்கொள்வேன். நேரே கேட்டால்தான் என்ன? கேட்க மாட்டேன், அதுதான் என் திமிர்.

ஒருமுறை மாமனாரும் கூட வந்தார். மரியாதையான மனுஷன், குறை சொல்லக் கூடாது. ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார், மரத்தூளைச் செருப்பால் ஒதுக்கிவிட்டு மெஷினைப் பார்த்தார். இதை இப்போது வாங்குகிறவர்கள் உண்டா என்று என்னிடம் விசாரித்தார். நான் ஹமீதைப் பார்த்தேன். அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் என் தோளில் கை வைத்து, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "தம்பி, நீங்க பாத்துக்கிட்டதுக்கு அல்லா ஒங்களுக்கு நல்லது செய்வான். ஆனா சவூதிலேருந்து வர்ற எங்க மாப்ள, மறுபடி தூசியில நின்னு பலகை இழுக்கணுங்களா, நீங்களே சொல்லுங்க."

பாரின் சாமான் கடை

எண்பதுகளில் ஒரு வருஷம் ஹமீது முடித்துக்கொண்டு வந்துவிட்டான். ஊருக்கே சந்தோஷம். மாமனார் கடைத்தெருவில் பாரின் சாமான் கடை வைத்துக் கொடுத்தார். செண்ட், டேப் ரெக்கார்டர், லுங்கி, தைலம், பிளாஸ்க். கண்ணாடி அலமாரிக்கு நடுவில் ஹமீது விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். திறப்பு விழாவுக்கு நானும் போனேன். அலமாரி எல்லாம் பிளைவுட்டு. யாரோ வேறு ஆள் செய்தது. வாசல் பக்கம் திரும்பிச் செருப்பைத் தேடினேன். உம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்புட்டுத்தான் போவணும் வாப்பா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

அப்புறம் மாதங்கள் ஓடின. அவன் கடை வழியாகச் சைக்கிளில் போவேன், கை ஆட்டுவான், நானும் ஆட்டுவேன். பட்டறைக்கு வாடா என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. கூப்பிடுவது பெரிதில்லை. கூப்பிட்டு அவன் வரவில்லை என்றால் அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன்? அதனால் பெட்டுக்கு மெழுகு போட்டேன். வேலை இருந்த நாளும் போட்டேன், இல்லாத நாளும் போட்டேன். தங்கராசு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் துணியைக் கீழே போட்டுவிட்டார். "அண்ணே, இதத் தேச்சுத் தேச்சு நீங்க இப்படி ஆயிட்டீங்க. ஒருதடவை போயி வாயத் தொறந்து கேட்டுட்டு வாங்கண்ணே, வரேன்னாலும் சரி, வரலன்னாலும் சரி."

ஒரு சனிக்கிழமை

ஹமீதின் கை வேர்வை பற்றிச் சொல்ல வேண்டும். சிலபேர் வேர்வை இரும்புக்கு ஆகாது. என் கை பட்டால் பெட்டுக்கு ஒன்றும் ஆகாது, தங்கராசு கை பட்டாலும் ஆகாது. ஹமீது தொட்டால் மறுநாள் காலையில் அந்த இடத்தில் விரல் விரலாகப் பழுப்பு ஏறியிருக்கும். அவன் உளிப்பிடியில் இருக்கிற இரும்பு வளையம்கூட மற்றவன் உளியைவிடச் சீக்கிரம் அரித்துப்போகும். கூட்டாக வேலை செய்த நாளில் தினமும் காலையில் அவன் பக்கத்தைத் துடைப்பதுதான் என் முதல் வேலை. "கையில என்ன உப்பளமாடா வச்சிருக்க?" என்று திட்டிக்கொண்டே துடைப்பேன். அவனும் அசராமல் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

பட்டறைக்கு ஆரம்பத்திலிருந்தே வெள்ளிக்கிழமை லீவு. ஹமீது போன பிறகும் நான் அதை மாற்றவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் தங்கராசும் நானும் கதவைத் திறந்தோம். தரையில் சுருள் சுருளாக மரச்சீவல். வியாழக்கிழமை நான் கூட்டிவிட்டுத்தான் போனேன். திருடன் வந்து பலகையா இழைப்பான் என்று திகைத்துக்கொண்டே மெஷினண்டை போனேன். வாங்குகிற பக்கத்தில், மெழுகையும் மீறி, பெட்டின் இரண்டு ஓரத்திலும் பழுப்பாக விரல் தடம். ஒரு இடத்தில் உள்ளங்கை முழுசாகப் பதிந்திருந்தது. பட்டறைச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம். இன்னொன்று, அவன் சவூதி போகும்போதே இடுப்பில் கட்டிக்கொண்டு போனது.

தங்கராசு "ஐயய்யோ, துரு!" என்று மெழுகுத் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "கைய எடுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் துணியைத் தவறவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வருகிறது, வாயெல்லாம் சிரிப்பு. இவருக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று அவர் ஒதுங்கி நின்றார். இரும்பில் துரு பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷன் காரைக்காலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. ஹமீதுதான். செண்ட் இல்லை, வாட்ச் இல்லை. பழைய கைலி, கிழிந்த பனியன். கடையை யார் பார்க்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, மச்சினனிடம் விட்டுவிட்டேன் என்று அவனாகவே முணுமுணுத்தான். முந்தின நாள் ஜும்ஆ தொழுகை முடிந்து, வேலை இன்னும் கைக்கு வருகிறதா என்று தனியாக வந்து, சின்னப் பலகை ஒன்றைத் தானே தள்ளித் தானே வாங்கிப் பார்த்தானாம். இத்தனை வருஷம் மெஷினைத் தொடாமல் இருந்தது, தொட்டு வராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில்தானாம். நாற்காலி பக்கம் அவன் திரும்பவே இல்லை, நேராகப் போய் அவன் பக்கத்தில் நின்றான். பெட்டைக் குனிந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்னடா மச்சான் இது, இவ்வளவு துரு ஏறிக் கெடக்கு, தொடைக்காம என்னா சிரிப்பு வேண்டிக் கெடக்கு ஒனக்கு? எடு பலகைய!"

இரும்பில் துரு ஏறாமல் வைத்துக்கொள்ள வழி கேட்டு இன்றைக்கும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள், நானும் மெழுகையும் மண்ணெண்ணெயையும் பற்றி மணிக்கணக்கில் பேசி அனுப்புகிறேன், எங்கள் பெட்டில் ஹமீது நிற்கிற அந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை.